தபால் பெட்டிக்குள் மாமியார்

சின்னவனின் வலது கை முழங்கை வரைக்கும் தபால் பெட்டிக்குள் இருந்தது. போகும்போது சுலபமாகத்தான் போயிற்று. திரும்பி வரத்தான் மாட்டேன் என்றது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரை மணி. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கையை விட்டான். விட்ட மறுநிமிஷம், ஊரே இந்த வழியாகத்தான் போவது என்று கூடிப் பேசி முடிவு செய்ததுபோல வரிசையாக ஆட்கள் வந்தார்கள். சைக்கிளில் போன ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போய்ச் சுவரில் முட்டினார். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த பெண், குழந்தையின் முகத்தை மறுபக்கம் திருப்பிவைத்தாள். சின்னவன் பெட்டியின்மேல் சாய்ந்துகொண்டு, யாருக்கோ காத்திருப்பவன்போல வானத்தைப் பார்த்தான். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, நெஞ்சில் 'ஊழியர்' என்று கொட்டை எழுத்தில் பட்டை. ஒளிந்துகொள்ளவும் வழியில்லை.

உள்ளே விரல் நுனியில் உறைகள் தட்டுப்பட்டன. அதில் ஒன்று அவனுடையது. முந்தின நாள் சாயங்காலம் அவனே தன் கையால் போட்டது.

இருபத்திரண்டு வயது அவனுக்கு. இரண்டு வருஷ ஊழியத்துக்கென்று சபை அவனை அந்த நாட்டுக்கு அனுப்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. காலை ஐந்தரைக்கு எழுந்து ஜெபம். பிறகு ஒரு மணி நேரம் அந்த ஊர் மொழிப் பாடம். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்குத் தெருவில் இறங்கினால், மாலை வரை நற்செய்தி சொல்லக் கதவு கதவாகத் தட்ட வேண்டும். மூன்று மாதத்தில் திறந்த கதவுகள் மொத்தம் பதினொன்று. அவற்றில் நான்கு வேறு யாரையோ எதிர்பார்த்துத் திறந்தவை. ஒன்றை நாய் திறந்தது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டான். சனிக்கிழமை ஒரு அடுக்குமாடியில் மூன்றாம் மாடி ஏறி, ஒரு கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோதுதான் வினை வந்தது. உள்ளே ஒரு பெண்குரல் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என்ன பெயர், என்ன வார்த்தை, ஒன்றும் அவனுக்குப் புரியவில்லை. அது மூன்றாவது தடவை கூப்பிடுகிற குரல் என்பது மட்டும் புரிந்தது. மூன்றாவது தடவை கூப்பிடும்போது எந்த ஊர் அம்மாவுக்கும் ஒரே குரல்தான்.

தூக்கிய கையை அப்படியே இறக்கிவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து, ஊழியத்துக்குப் பொறுப்பாளரான ஐயாவுக்கு நான்கு வரி எழுதினான். 'என்னால் முடியவில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்' என்பது அதில் மூன்றாவது வரி. மற்ற மூன்றும் மரியாதை. இப்படிப்பட்ட விண்ணப்பங்களைக் கைப்பட எழுதித் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வீட்டோடு பேசும் நேரம். ஆளுக்கு அரை மணி. போன் ஒன்றுதான். அது நெட்டை அண்ணனிடம் இருக்கும்.

நெட்டை அண்ணன் என்பவர் அவனோடு அதே அறையில் தங்கியிருந்த மூத்த ஊழியர். அவனைவிட மூன்று வயது பெரியவர், ஒன்றேகால் அடி கூடுதல் உயரம். வந்து பதினாலு மாதம் ஆகிறது. ஆறு நிமிஷத்தில் குளிப்பார், நாலு நிமிஷத்தில் சாப்பிடுவார். தட்டிய கதவையெல்லாம் நோட்டில் குறித்துவைப்பார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் சின்னவனுக்குத் தான் ஏதோ பாதியில் செய்து நிறுத்திய சாமான்போலத் தோன்றும்.

"எனக்குப் பேச ஒண்ணும் இல்ல. என் நேரத்தையும் நீயே எடுத்துக்கோ" என்று வாராவாரம்போல அன்றும் போனைக் கொடுத்துவிட்டு, வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா துணி மடித்துக்கொண்டே பேசினாள். பின்னால் சமையலறைக் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. ஊருக்குக் கிளம்புவதற்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று அவன் சொல்லியிருந்த குழாய். அக்காவின் கைக்குழந்தை போனின் முனையைச் சப்பியதில் கொஞ்ச நேரம் திரை முழுவதும் ஈறுதான் தெரிந்தது. அப்பா வழக்கம்போலப் படத்துக்கு வெளியே நின்றார். மூன்று மாதமாக அவரில் அவன் பார்த்ததெல்லாம் ஒரு முழங்கை மட்டும்தான்.

"சாப்பிட்டானான்னு கேளு" என்றது முழங்கை.

"சாப்பிட்டேன்ப்பா."

கடிதம் போட்ட விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று அவன் மென்று முழுங்கிக்கொண்டிருந்தபோது, அப்பா திடீரென்று படத்துக்குள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

"டேய், ஒண்ணு சொல்றேன். உன் வயசுல நானும் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனேன். தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"நாப்பது நாள். நாப்பத்தோராம் நாள் பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டேன். வழி முழுக்க அழுதுக்கிட்டே வந்தேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ தொண்ணூறு நாள் தாண்டிட்டே. காலண்டர்ல தினம் ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன். நீ என்னை மாதிரி இல்லடா."

"என்னது?" என்றாள் அம்மா. "ஒப்பந்தம் முடிஞ்சு திரும்பி வந்தேன்னுல்ல பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னீங்க?"

அப்பா பதில் சொல்வதற்குள் படம் உறைந்துவிட்டது. அம்மா வாயைத் திறந்தபடி அப்பாவைப் பார்க்கிறாள். அப்பா மகனைப் பார்க்கிறார். இனி வராது என்று தெரிந்தும் சின்னவன் அந்தப் படத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை மேஜையில் வைத்துவிட்டு, "காத்து வாங்கிட்டு வரேண்ணே" என்று இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கித் தபால் பெட்டிக்கு ஓடினான்.

"என்ன தம்பி, உள்ள எதாவது குட்டி போட்டிருக்கா?"

கேட்டது சலவைக்கடை அம்மா. அவர்கள் தங்கியிருந்த அறைக்குக் கீழேதான் அவள் கடை. வீடும் அவளுடையதுதான். வேகமாகப் பேசுவாள், அவள் பேச்சில் பாதிதான் அவனுக்குப் புரியும். அன்றைக்குக் கையைப் பார்த்ததும் அவள் பேச்சை விட்டுவிட்டுக் கடைக்குள் ஓடி, ஒரு பெரிய குவளை நிறையச் சோப்புத் தண்ணீரோடு வந்தாள்.

"கொஞ்சம் போதும்" என்று சொல்ல நினைத்தான். 'கொஞ்சம்' என்பதற்கு அந்த மொழியில் என்ன வார்த்தை என்று யோசித்து முடிப்பதற்குள் குவளை காலியாகிவிட்டது. கை வழுக்கிக்கொண்டு வந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று உள்ளே விழுந்தது. அதன் பின்னாலேயே சோப்புத் தண்ணீர் முழுவதும் பெட்டிக்குள் இறங்கியது.

"எதை எடுக்கப் பாத்தே?"

தனக்குத் திக்காமல் வரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: "மிக்க நன்றி. உங்கள் நாள் இனிய நாளாக அமையட்டும்." சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினான்.

நெட்டை அண்ணன் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் பேசி முடித்ததும் ஒரு விசாரணை உண்டு. அது விதியில் இருக்கிறதா, அண்ணன் தானாகச் சேர்த்துக்கொண்டதா என்பது சின்னவனுக்குத் தெரியாது.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்காங்கண்ணே."

"அப்படிச் சொல்லாத. முதல்ல என்ன சொன்னாங்க, அப்புறம் என்ன சொன்னாங்கன்னு சொல்லு. உங்க அக்கா குழந்தை கவுந்துருச்சா?"

"கவுந்துருச்சு. ஆனா திரும்பி மல்லாக்க வரத் தெரியல, அழுவுதாம்."

"குழாய்?"

"சொட்டுது."

"சட்டை ஏன் நனைஞ்சிருக்கு?"

"கை கழுவினேண்ணே."

"சட்டையோடவா? சரி. பக்கெட் வச்சிருக்காங்களா, குழாய்க்கு அடியில? இல்ல சொம்பா?"

எதற்கெடுத்தாலும் கணக்கெடுப்பு என்று சின்னவன் உள்ளுக்குள் அலுத்துக்கொண்டான். "சொம்புண்ணே" என்றான்.

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்குத் தபால்காரம்மா பெட்டியைத் திறக்க வருவாள். மொழிப் பாடத்தைத் தெருவில் போய்ப் பேசிப் பழகுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு, எட்டு மணிக்கே பெட்டி அருகில் நின்றான். சொல்ல வேண்டியதை இரண்டு பக்கம் எழுதி, பதினைந்து தடவை சொல்லிப் பார்த்திருந்தான்.

அந்த மொழியில் 'கடிதம்' என்பதற்கும் 'மாமியார்' என்பதற்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஒன்றைச் சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொட வேண்டும். மற்றதற்குத் தொடக்கூடாது. சின்னவனுடைய நாக்கு பயத்தில் எல்லாவற்றையும் தொட்டது.

"அம்மா, வணக்கம். சனிக்கிழமை கோபத்துல என் மாமியாரை இந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன்."

தபால்காரம்மா சாவியைப் பிடித்த கையோடு நின்றாள்.

"பெரிய தப்பு பண்ணிட்டேன். நேத்து கையை விட்டு வெளியே இழுத்துப் பாத்தேன். வரல. தயவு பண்ணி எடுத்துக் குடுங்க. கிழிச்சு எறிஞ்சுடறேன்."

"உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

அவள் கேள்வியில் 'ஆயிருச்சா' மட்டும்தான் அவனுக்குப் புரிந்தது. வேலை ஆயிருச்சா, அதாவது எழுதி ஒட்டி முகவரியெல்லாம் போட்டாயிற்றா என்று கேட்பதாக எண்ணிக்கொண்டு, "ஆயிருச்சு, ஆயிருச்சு" என்று பலமாகத் தலையாட்டினான்.

தபால்காரம்மா பெட்டியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மாமியார் இல்லாததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று பட்டது. கைநிறைய ஈரக் கடிதங்களை அள்ளினாள். நுரை சொட்டியது. தன் கடிதத்தைக் கண்டதும் சின்னவன், "அதோ, அதோ!" என்று குதித்தான்.

"லெட்டரா?" என்று அவள் சரியான உச்சரிப்பில் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். பெட்டிக்குள் விழுந்ததைப் போட்டவருக்கே திருப்பிக் கொடுக்கக்கூடாது. பிறகு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: "சாதாரணமா இது போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். இப்ப நனைஞ்சு போச்சு பாரு. நனைஞ்ச தபாலைத் தனிப் பையில போட்டு அவசரமா அனுப்பணும். கவலைப்படாத. நாளைக்கே போயிரும்."

கவலைப்படாதே என்றதுதான் தாமதம், சின்னவன் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தான். இதற்குப் பதில் அதில் இல்லை.

அன்று மாலையே சலவைக்கடை அம்மா ஒரு தலையணையும் போர்வையுமாக மாடி ஏறி வந்தாள்.

"வயசானவங்க தரையில படுக்கக்கூடாது" என்றாள் நெட்டை அண்ணனிடம். "எங்க வச்சிருக்கீங்க அவங்களை?"

"எவங்களை?"

"தம்பியோட மாமியாரை. தபால்காரம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. சின்ன வயசுல கோபம் வர்றது சகஜம். அதுக்குன்னு பெட்டியில போட்டு அடைக்கிறதா?"

நெட்டை அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. தலையணையை வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னார், கதவைச் சாத்தினார். பிறகு திரும்பி, "தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றார்.

"ஐயோ, இல்லண்ணே! லெட்டர்னு சொல்ல வந்தேன். வாய் குழறிடுச்சு."

"என்ன லெட்டர்?"

சின்னவன் திருதிருவென்று விழித்தான். "வீட்டுக்குண்ணே. அட்ரஸ் தப்பா எழுதிட்டேன்."

அண்ணன் கையிலிருந்த தலையணையைத் தட்டிச் சீராக்கினார். "லெட்டரெல்லாம் எழுதுவியா நீ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தலையணைக்கு உறை மாட்டப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை, அண்ணன் குளிக்கப் போன அந்த ஆறு நிமிஷத்தைச் சின்னவன் பயன்படுத்திக்கொண்டான். மேஜை மேலிருந்த போனை எடுத்து ஊழிய அலுவலகத்துக்குப் பேசினான். எடுத்தது ஆபீஸ் அக்கா. நம் ஊர்க்காரர்தான். ஐயாவுக்கு வரும் தபால், ஐயாவின் பயணம், ஐயாவின் மாத்திரை எல்லாம் அவர் கையில்.

"அக்கா, என்கிட்டேருந்து ஒரு லெட்டர் வரும். அதை ஐயாகிட்ட குடுத்துடாதீங்க."

"வந்துருச்சே தம்பி. காலையில முதல் தபாலே உன்னுதுதான். ஈரமா இருந்துச்சு, ஜன்னல்ல காயப் போட்டிருக்கேன். அழுதுக்கிட்டே எழுதினியா?"

"அது சோப்புத் தண்ணிக்கா."

"சோப்புத் தண்ணியில அழுதியா?"

"இல்லக்கா… அதுல ஒண்ணுமே இல்ல. அதைத் தூக்கிப் போட்டுடுங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கு யாருப்பா ஸ்டாம்பு ஒட்டுவா? சரி, அது கிடக்கட்டும். உன் மாமியார் உங்களோட வந்து தங்கியிருக்காங்களாமே? கீழ் வீட்டு அம்மா இப்பத்தான் போன் பண்ணாங்க. அறையில ரெண்டு பேருக்குத்தானே இடம், மூணாவது கட்டில் அனுப்பி வைங்கன்னு கேக்குறாங்க."

"எனக்கு மாமியாரே இல்லக்கா!"

"அச்சச்சோ. எப்ப தவறுனாங்க?"

சின்னவன் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டான்.

"சரி, வருத்தப்படாத" என்றார் அக்கா. "வியாழக்கிழமை ஐயாவே உங்க அறைக்கு நேர்ல வர்றாரு. அது எதுக்குன்னா…"

குளியலறையில் தண்ணீர் நின்றது. போனை வைத்துவிட்டான். எதற்கென்று அவனுக்கா தெரியாது?

அதற்குப் பிறகு நடந்ததை அவன் எதிர்பார்க்கவேயில்லை. கதவுகள் திறக்க ஆரம்பித்தன.

முதலில் திறந்தவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். இந்த மூன்று மாதத்தில் ஏழு தடவை கதவுத் துளை வழியாகப் பார்த்துவிட்டுப் போனவர். இப்போது அகலத் திறந்து, "நீதானா அது? மாமியாரைப் பெட்டியில போட்டவன்?" என்று கேட்டு, இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். நாக்கு செய்த வேலையைச் சின்னவன் விளக்கினான். 'கடிதம்', 'மாமியார்' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினான். கடிகாரக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தன் மாமியாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். முதல் அரை மணி நேரம் திட்டு. அடுத்த அரை மணி நேரம், அவர் இறந்தபின் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் போய்விட்டது என்பது. அவர்கள் கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வாங்க, உங்க விஷயத்தையும் கேக்குறேன்" என்றார்.

புதன்கிழமைக்குள் தெரு முழுவதும் கதை பரவிவிட்டது. தட்டுவதற்கு முன்பே திறந்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியை அவனை நிற்கவைத்து, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் கற்றுக்கொடுத்தாள். சனிக்கிழமை அவன் தட்டாமல் திரும்பிய அந்த மூன்றாம் மாடிக் கதவுகூடத் திறந்தது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி ஒல்லியாக, அவன் அக்கா வயதில் இருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். "உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்டாள். இந்த ஊருக்கு வந்தபின் அவனை யாரும் கேட்காத கேள்வி. தெரிந்த வார்த்தைகளை வைத்து அம்மாவைச் சொன்னான், அக்காவைச் சொன்னான், அப்பாவின் முழங்கையைச் சொன்னான். அப்பா போட்ட கோடுகளைச் சொல்ல வார்த்தை தெரியாமல், சுவரில் விரலால் ஒவ்வொன்றாகக் கிழித்துக் காட்டினான்.

பக்கத்தில் நின்ற நெட்டை அண்ணன் அவசரமாகப் படியிறங்கிப் போய்விட்டார். கீழே போய்ப் பார்த்தபோது சுவர் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"தூசி. நோட்டை எடு. இன்னைக்கு எத்தனை கதவு?"

"பத்தொன்பதுண்ணே."

"பத்தொன்பது" என்று எழுதிக்கொண்டார்.

அறைக்குத் திரும்பும் வழியில் சின்னவனுக்கு ஒன்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்காக அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுக்க ஓடினான். இப்போது தனக்காகவே அது வேண்டாம் என்றிருந்தது. கடிகாரக்காரர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். ஆசிரியை அடுத்த எழுத்தைச் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறாள். வீட்டு ஏக்கம் போய்விட்டதா என்றால் இல்லை, கல்லுப்போல அப்படியே இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டே நடந்துவிடலாம்போல் இருந்தது. இப்படித் தோன்றுகிற நேரம் பார்த்தா ஐயா வந்து பெட்டியைக் கட்டு என்று சொல்ல வேண்டும்?

அறையில் அண்ணன் இஸ்திரி போட உட்கார்ந்தார். சின்னவன் மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணே, உங்களுக்கு எப்பவாவது, எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்குப் போயிடணும்னு…"

"நாளைக்கு ஐயா வர்றாரு" என்றார் அண்ணன். "சட்டை கசங்கியிருக்கக் கூடாது."

போட்டு முடித்து மடித்து வைத்த சட்டையை எடுத்து, உதறி, மறுபடியும் அதற்கே இஸ்திரி போட ஆரம்பித்தார். இந்த மனிதரிடம் போய்க் கேட்டோமே என்று சின்னவன் தன்னையே நொந்துகொண்டான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஐயாவின் வேன் வந்து சலவைக்கடை வாசலில் நின்றது. சின்னவன் நேரத்தை வீணாக்கவில்லை. முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தான். ஐயா ஒரு காலை இறக்கி மறு காலை இறக்குவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"ஐயா, அந்த லெட்டரை நம்பாதீங்க. சனிக்கிழமை எழுதினது, அன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல. பெட்டிக்குள்ள கையை விட்டது நான்தான். சோப்புத் தண்ணியும் நான்தான். மாமியார் யாரும் இல்ல, யாரும் சாகவும் இல்ல. என்னை அனுப்பிடாதீங்க ஐயா, நான் இங்கேயே இருக்கேன்!"

சலவைக்கடை அம்மா கடைக்குள்ளிருந்து, புரியாத மொழியானாலும் அழுகிற மாதிரி இருக்கிறதே என்று கரிசனமாகத் தலையாட்டினாள்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது, இரு" என்றார். தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "அண்ணன் மேல இருக்காரா?"

"இருக்காருங்கய்யா."

ஐயா படியேறினார். ஒவ்வொரு படியாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு. அறை வாசலில் நெட்டை அண்ணன் இரண்டு தடவை இஸ்திரி போட்ட சட்டையோடு விறைப்பாக நின்றார். ஐயா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது.

சின்னவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். வேன் டிரைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார். பன்னிரண்டு வருஷமாக ஐயாவுக்கு வண்டி ஓட்டுகிறவர். அவரும் நம் ஊர்க்காரர்தான்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. மேலே பேச்சுச் சத்தமே இல்லை.

"அண்ணன்கிட்ட என்னைப் பத்தித்தான் கேக்குறாரு" என்றான் சின்னவன். "அவரு பொய் சொல்லமாட்டாரு. தூக்கத்துல 'அம்மா'ன்னு கூப்பிடறது, கதவைத் தட்டாமத் திரும்பினது, எல்லாத்தையும் சொல்லிடுவாரு. முடிஞ்சுது என் கதை."

"இதைப் பத்தியா சொல்றே?" டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். காய்ந்து முறுக்கிக்கொண்ட உறை. ஓரம் பிரிக்கப்படவில்லை. "ஆபீஸ் அக்கா குடுத்து விட்டாங்க. உன்கிட்டயே குடுத்துடச் சொன்னாங்க."

சின்னவன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "ஐயா படிக்கவே இல்லையா?"

"எதுக்குப் படிக்கணும்? உள்ள என்ன இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப… இவ்வளவு தூரம் எதுக்கு வந்திருக்காரு?"

மேலே, சாத்திய கதவுக்குப் பின்னால், யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. ஐயாவின் குரல் இல்லை அது. டிரைவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மூணாம் மாசம் இந்த லெட்டரை எழுதாத ஆளே கிடையாது தம்பி, ஐயாவே எழுதினவருதான், பதினாலு மாசமாகியும் ஒரு வரிகூட எழுதலையேன்னு பயந்துபோய் உங்க அண்ணனைப் பாக்கத்தான் வந்திருக்காரு."